அமாவாசைக்கு லீவு கிடையாது

திருவொற்றியூரில் ஒருவன் ஏன் இருமுகிறான் என்று கேட்க நாதியில்லை. ஏன் கீரை வாங்குகிறான் என்று கேட்க ஒரு வாரியமே இருக்கிறது.

இயற்கை உணவு நுகர்வோர் உந்துதல் வாரியம் என்று அதற்குப் பெயர். விம்கோ நகரில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, வாசலில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாடு கிடையாது, வண்டி மட்டும்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஆராய்ச்சிக்கூடம். கடையில் சாமான் எடுப்பது சுலபம். ஆனால் பில் போடுவதற்கு முன்னால் காரண மேசையில் உட்கார்ந்து, இதை எதற்காக வாங்குகிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். அங்கேதான் வந்தவர்களுக்கு வேர்க்கும்.

வாரியம் ஒப்புக்கொண்ட காரணங்கள் ஐந்து. உடல்நலம், சுற்றுச்சூழல், சுவை, கௌரவம், விவசாயிகள் மேல் பரிவு. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு நிறத்தில் துணிப்பை இலவசம். அதில் கௌரவத்துக்குக் கொடுத்த பைக்கு மட்டும் ஜிப் இருந்தது. அதனால் வடசென்னையில் முக்கால்வாசிப் பேர் கௌரவத்துக்காகவே முருங்கைக்கீரை தின்கிறார்கள் என்று வாரியம் முதல் அறிக்கையிலேயே கண்டுபிடித்தது. அந்த அறிக்கையை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் படித்துக் கைதட்டலும் வாங்கி வந்தார்கள்.

இந்த மேசைக்குத்தான் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தாள் அன்புக்கரசி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீனில் தட்டு கழுவுகிறவள். மேசைக்கு அந்தப் பக்கம் உந்துதல் அலுவலர் ஜெகதீசன். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் வாரியத்தின் அடையாள அட்டை, வாயில் பாடப்புத்தகத் தமிழ்.

"எதற்காக வாங்குகிறீர்கள் அம்மா?"

"எங்கூட்டுக்காரருக்கு சார்."

"அவருக்கு உடல்நலக் குறைவா?"

"செத்துட்டாரு சார்."

ஜெகதீசன் தலையைத் தூக்கினார். "வருந்துகிறேன். இறப்பதற்கு முன்பிருந்தே வாங்கி வருகிறீர்களா?"

"இல்ல சார், செத்தப்புறம்தான் வாங்கறேன்."

"உடல்நலம் என்று பதிவு செய்துகொள்ளட்டுமா?"

"ஒடம்பு எங்க சார் கீது? மூலக்கொத்தளத்துல பொதைச்சாச்சே."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் புருஷன் அப்பாவு எண்ணூரில் ஒரு குடோனில் உர மூட்டை தூக்கிய காண்டிராக்ட் ஆள். கப்பலில் வந்த உரம் இருபது வருஷம் அவன் முதுகு வழியாகத்தான் லாரி ஏறியது. கடைசி மாதங்களில் எதை வைத்தாலும் "குடோன் வாடை அடிக்குதும்மே" என்று தட்டைத் தள்ளிவிடுவான். ரேஷன் அரிசி, கடை அரிசி, பக்கத்து வீட்டு கெங்கம்மா கொண்டுவந்த பிரியாணி, ஆஸ்பத்திரிக் கஞ்சி, எல்லாவற்றிலும் அதே வாடை. பசி இல்லாமல் இல்லை. "பசிக்குது, எறங்கல" என்று அழுவான். ஒரு நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். எதிரில் சோறு இருக்கும்போதே பட்டினியாகச் செத்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. உரமே படாத அரிசி என்று வாரியத்துக் கடையில் எழுதியிருந்ததைப் பார்த்து, கேன்டீனுக்கு வரும் ஒருவரிடம் சொல்லி ஒரு கிலோ வாங்கி வரச் செய்து, அமாவாசைக்கு வடித்துப் படைத்தாள்.

படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பது அவர்கள் வழக்கம். வருகிறவர் சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே ஆள் இருக்கிற வீட்டைப் போலக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். முதல் அமாவாசையில் அவள் திறந்தபோது சோற்றுக் குவியலின் ஓரத்தில் விரல் பதிந்த பள்ளம் இருந்தது. அடுத்த அமாவாசையில் குவியலில் கால்வாசி இல்லை. அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள். ஒரே ஒரு தடவை இலை காலியாகிவிட்டால் போதும், அவன் வயிறு நிறைந்தது என்று இவளும் நிம்மதியாகத் தூங்குவாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதை ஐந்தில் எந்தக் காரணத்தில் சேர்ப்பது? ஜெகதீசன் எதை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் 'நுகர்வோர் உயிருடன் உள்ளாரா?' என்று கேட்டு நின்றுவிட்டது. அரிசியை எடுத்து உள்ளே வைத்தார்கள். காரணம் இல்லாதவர்களுக்கு வாரியம் நடத்தும் உந்துதல் வகுப்புக்கு வரும்படி அவளுக்கு உத்தரவாயிற்று.

வகுப்புக்கு அவள் கெங்கம்மாவைத் துணைக்கு அழைத்துப் போனாள். காரணம் இல்லாத ஜனம் நிறைய வந்திருந்தது. இயக்குநர் முனைவர் தேவப்பிரியம் அம்மையார் மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினார்.

"அன்பான நுகர்வோரே! இந்த வாரியத்தை அடையாற்றில் வைத்திருக்கலாமே என்று என்னைக் கேட்கிறார்கள். அங்கே காற்று நன்றாக இருக்கிறது. நல்ல காற்றில் உந்துதல் வளராது. இங்கே பாருங்கள். வடக்கே சாம்பல், கிழக்கே எண்ணெய், கொடுங்கையூரிலிருந்து குப்பைப் புகை. இதெல்லாம் இயற்கை நமக்குக் கொடுத்த வரம். போன வருஷம் சில இளைஞர்கள் வந்து, புகையை நிறுத்தக் கோரும் மனுவில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் அவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்துக் கேட்டேன். தம்பிகளே, புகை நின்றுவிட்டால் இந்த ஜனங்கள் எந்தக் காரணத்துக்காகக் கைக்குத்தல் அரிசி வாங்குவார்கள்? காரணத்தை ஒழித்துவிட்டுப் பொருளை விற்க முடியுமா?"

"இன்னா சொல்லுது இந்தம்மா?" என்றாள் கெங்கம்மா.

"பொகை நல்லதுன்னு சொல்லுது."

"அப்போ நம்ம வூட்டாண்ட வந்து ரெண்டு நாளு குந்தச் சொல்லு."

பேச்சு முடிந்ததும் அன்புக்கரசியை மேடைக்குக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்கள். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். கூட்டம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காதீர்கள். உயிரோடு இருக்கிற வாடிக்கையாளரை நம்பவே முடியாது. இன்றைக்குத் தினை என்பார், நாளைக்குப் பரோட்டா என்பார். செத்தவர் மனசு மாறமாட்டார். விலை கேட்கமாட்டார். பாக்கெட்டில் வண்டு இருந்தது என்று திருப்பிக் கொண்டுவரமாட்டார். இவ்வளவு அருமையான ஒரு பிரிவை இத்தனை நாளாக நாம் மூலக்கொத்தளத்தில் சும்மா போட்டு வைத்திருக்கிறோம்!"

அரிசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வருகிற அமாவாசையன்று அலுவலர் ஜெகதீசன் நேரில் வந்து, இறுதி நுகர்வோர் அரிசியை உட்கொள்வதைக் கவனித்துப் பதிவு செய்வார்.

அமாவாசை மத்தியானம் ஜெகதீசன் வாரியத்து ஜீப்பில் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். அன்புக்கரசி இலை போட்டு, சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்து, கதவைச் சாத்தினாள். "சார், துன்னும்போது பாக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டுச் சொன்னாள். ஜெகதீசன் சரி என்று தலையாட்டினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் டேப்லெட்டில் 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவள் கெங்கம்மாவோடு மேல்மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, நடைபாதைப் பக்கமாக இருந்த ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டார்.

அவருக்கு ஆள் தெரியவில்லை. அவரவர் வீட்டில் செத்தவர் அவரவர் கண்ணுக்குத்தான் தெரிவார். அவருக்குத் தெரிந்தது, இலையிலிருந்து தானாக எழும்பிப் பாதி வழியில் நின்ற ஒரு கவளம் சோறு. ஆனால் உள்ளே இருந்த அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தது. ஜன்னலில் ஒரு முகம், அந்த முகத்துக்குக் கீழே ஓர் அட்டை. குடோனில் மதியச் சோறு தின்னும்போது அட்டை மாட்டிய சூப்பர்வைசர் தலை தெரிந்தால் அப்பாவு அப்படியே எழுந்துவிடுவான். அவன் மட்டுமா, அந்தப் பக்கத்துக் காண்டிராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான். உட்கார்ந்து தின்கிற ஆளுக்கு மறுநாள் வேலை இருக்காது. இருபது வருஷத்துப் பழக்கம், செத்தால் மட்டும் போய்விடுமா? கவளம் இலையில் விழுந்தது.

அன்புக்கரசி கதவைத் தட்டித் திறந்தாள். இலையில் பாதிக்கு மேல் காலி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் முடித்திருப்பான். இலையிலிருந்து வாசல் வரைக்கும் பருக்கைகள் சிந்திக் கிடந்தன. வாசலைத் தாண்டிப் படிக்கட்டிலும் கிடந்தன. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். ஜெகதீசன் ஜீப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மரியாதைக்கு நாலு அடி தள்ளி, எச்சில் கையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி அப்பாவு போய்க்கொண்டிருந்தான்.

"யோவ்!" என்று கத்தினாள். "கைய கழுவிட்டாச்சும் போயா!"

அவன் திரும்பவில்லை. ஜீப்பின் பின்பக்கம் ஏறி, தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டான். சீட்டு காலியாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பிப் போயிற்று.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு ஸ்பூன் தானாக எழும்பித் தானாக இறங்கியது. வாரியம் வெடி வெடித்துக் கொண்டாடியது. மறைந்தோர் சுவைக் குழு என்று ஒன்றை உடனே அமைத்தார்கள். ஆள் பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அமாவாசைக்கு அமாவாசை, கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் புளியந்தோப்பிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அள்ளியவர்கள், கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள், வாயு கசிந்த அன்று ராத்திரி ஷிப்டில் இருந்தவர்கள், எல்லாரும் பாதிச் சோற்றில் எழுந்து வந்தார்கள். கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக் கல்லறையிலும் அட்டைகள் போய் நின்றன. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்துச் செத்தவர்கள், பிள்ளைகள் ஏற்றி வைத்த மெழுகுவர்த்தியை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக வந்தார்கள்.

'வாடை இல்லை: மறைந்தோர் சான்று' என்று பாக்கெட்டில் அச்சடித்தார்கள். அண்ணா நகரிலிருந்து காரில் வந்து வாங்கிப் போனார்கள். காரண மேசையில் ஆறாவதாக அச்சம் என்று ஒன்றைச் சேர்த்து, அதற்குக் கறுப்புப் பை கொடுத்தார்கள். ஜிப் வைத்த பையைச் சீந்துவாரில்லை. இயக்குநர் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். "மக்கள் நல்ல உணவை நல்லது என்பதற்காக வாங்குகிறார்கள் என்று நம்பியது எங்கள் வெகுளித்தனம். பயந்துதான் வாங்குகிறார்கள். அதை நேராகச் சொல்ல நாகரிகம் இடம் கொடுக்காததால் சுற்றுச்சூழல் என்கிறார்கள். இனி அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை."

அதற்கப்புறம் ஒவ்வோர் அமாவாசைக்கும் அன்புக்கரசி இலை போட்டாள், கதவைச் சாத்தினாள், தட்டித் திறந்தாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. குழம்பில் ஆடை படிந்திருந்தது. மூன்றாவது தடவை அவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழவும் முடியாமல் வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மே, இங்க குந்திகினு இன்னா பண்ற?" என்றாள் கெங்கம்மா. "ஆளு விம்கோ நகர்ல கீறாருன்னு ஊருக்கே தெரியும். போய்க் கூட்டியா."

படையல் சோற்றைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, டிபன் பாக்ஸில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள். இயக்குநர் அவளை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, கம்பங்கூழ் வரவழைத்துக் கொடுத்தார்.

"அமாவாசை ஒரு நாளைக்கு மட்டும் அவர வூட்டுக்கு அனுப்புங்கம்மா. பாதி எலையில எழுந்து வந்துட்டாரு."

"அமாவாசைக்கு லீவு கிடையாதே அம்மா. எங்களுக்கு வேலை அதிகம் இருக்கிற நாளே அதுதான். உயிரோடு இருந்தபோது அவருக்குப் பொங்கலுக்கு லீவு விட்டார்களா?"

"இல்லம்மா."

"பார்த்தீர்களா, பழகின உடம்பு. இன்னொன்றும் சொல்கிறேன். நாங்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. பார்த்தோம், அவரே எழுந்து வந்தார். நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், உந்துதல் என்றால் என்ன என்று உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்."

அன்புக்கரசி கூழை வைத்துவிட்டுக் கேட்டாள். "வவுத்துக்குப் போடறீங்களாம்மா?"

"நாள் முழுக்க அவருக்குச் சாப்பாடுதான். தட்டுக்கு மேல் தட்டு. எல்லாம் உரம் படாதது."

அதைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. எங்கே தின்றால் என்ன, வயிறு நிறைந்தால் சரி. தன் கையால் போட முடியவில்லையே என்று ஒரு குறைதான். அதையும் விழுங்கிக்கொண்டு, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். இயக்குநர் அவளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வந்திருந்த முதலீட்டாளர்களைக் கவனிக்கப் போனார்.

நீளமான கூடம். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். ஆள் இல்லாத மேசைகளில் ஸ்பூன்கள் ஒரே சமயத்தில் எழும்பி ஒரே சமயத்தில் இறங்கின. சில்லென்று இருந்தது. எதிரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெகதீசன் நின்றிருந்தார். அன்புக்கரசியின் கண்ணுக்கு அப்பாவு மட்டும் தெரிந்தான். செத்த அன்று இருந்ததைவிட இளைத்திருந்தான்.

"துப்பவும்" என்றார் ஜெகதீசன் மைக்கில்.

அத்தனை கிண்ணங்களிலும் மென்ற சோறு விழுந்தது. அப்பாவும் துப்பினான்.

அவள் ஓடிப் போய் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், இன்னாயா துப்பற? வாடை அடிக்குதா?"

அப்பாவு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "வாடையே இல்லம்மே. நல்லா கீது. முழுங்கக் கூடாதாம்."

"ஏன்?"

"வவுறு ரொம்பிட்டா நாக்கு ஒழுங்கா சொல்லாதாம். ரூல்ஸு."

அன்புக்கரசி டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு பெரிய கவளம் உருட்டி அவன் வாயில் வைத்தாள். "முழுங்குயா."

அவன் மென்றான். கன்னத்தில் அடக்கிக்கொண்டான். அவன் கண் அவளைத் தாண்டி, ஜெகதீசன் கழுத்தில் தொங்கிய அட்டையின் மேல் நின்றது. தொண்டை அசையவே இல்லை.

அவள் நேராக ஜெகதீசனிடம் போனாள்.

"திரும்பு."

"அம்மா, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது விதி..."

"அந்தாண்ட திரும்புன்றேன். எம்புருசன் சோறு துன்றத நீ இன்னாத்துக்கு நின்னு பாக்கற?"

ஜெகதீசன் திரும்பிவிட்டார். யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவர் போல, மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அவளும் அவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். கூடம் அடங்கிப் போயிற்று. பின்னால் ஒரு மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. அது யாருடைய தொண்டை என்று அவளுக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் மேசையில் நகர்ந்தது. அப்புறம் வேறொரு தொண்டை. அப்புறம் அந்த வரிசை முழுக்க. ஸ்பூன்கள் இப்போது ஒன்றாக எழும்பவில்லை, அவரவர் பசிக்குத் தக்கபடி தட்டில் இடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றார் ஜெகதீசன். இத்தனை நாள் அம்மா என்று கூப்பிட்டவர். குரலும் வேறாக இருந்தது. "மூணாவது வரிச. கடசி டேபிள். கிண்ணத்த மட்டும் பாத்து சொல்றியா?"

"யாரு குந்திகினு கீறது?"

"எங்க நைனா. சாம்பல் லாரில இருந்தாரு. போன அமாவாசைக்கு ஆயா வூட்ல படையல் போட்டுச்சு. ஆபீஸ்லேர்ந்து அப்படியே போய்ட்டேன். கழுத்துல அட்டய கழட்ட மறந்துட்டேன்." அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார். "என்னப் பாத்து எழுந்து நின்னுட்டாருக்கா. டெய்லி நான்தான் அவர துப்பச் சொல்லிகினு கீறேன்."

அன்புக்கரசி முகத்தை முழுக்கத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அந்தக் கிண்ணத்தை மட்டும் பார்த்தாள்.

"துப்பினாரா?"

"துப்பல."

ஜெகதீசன் சட்டென்று திரும்பப் போனார். அவள் அவர் தோளைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள்.

"திரும்பாதப்பா. துன்னுகினு கீறாரு."